முப்பத்தாறு வயதுக்காரனுக்கு எத்தனை வருடம்

பேஸ்போல் விளையாட்டில் எனக்கு இன்றுவரை பிடிபடாத சங்கதிகள் பல. அவற்றில் முதலாவது இது: ஆட்டமே நடக்காத மாதங்களில்தான் அதைப் பற்றிய சண்டை கூடும். நான் வீட்டோடு வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் கிழவர் கோடை முழுவதும் காலையில் டேப்லெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முந்தின இரவு அமெரிக்காவில் நடந்த ஆட்டத்தை அரைத் தூக்கத்தில் பார்ப்பார். அவருடைய அணி தோற்றால் கோப்பி கசக்கிறது என்பார். வென்றாலும் அதையேதான் சொல்வார். குளிர்காலம் வந்து அங்கே மைதானங்களைப் பூட்டிய பிறகுதான் மனிதருக்கு உசார் வரும். எவனை எந்த அணி எடுக்கப்போகிறது, எத்தனை வருடத்துக்கு எடுக்கப்போகிறது, அவ்வளவு காசுக்கு அவன் தகுமா என்று பின்னேரம் பின்னேரமாகத் தொண்டை கிழியக் கத்துவார். பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. ஒப்பந்தங்கள் மட்டும்தான்.

சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டாமவர் சலூன்காரர். இருவரும் இளவயதில் பலெர்மோவிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போனவர்கள். கிழவர் அங்கே வீடுகளுக்கு மாபிள் பதித்தார். மற்றவர் அதே தெருவில் சலூன் வைத்திருந்தார். வேலை ஓய்ந்ததும் இருவரும் பலெர்மோவுக்கே திரும்பி வந்து, ஒரேத்தோ என்ற பகுதியில் இரண்டு தெரு இடைவெளியில் வீடு எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தவை ஆளுக்கொரு பென்சன், ஆளுக்கொரு அணி. அணிகள் வேறு வேறு. கிழவருக்கு மனைவி இல்லை. பிள்ளைகள் அங்கேயே இருந்துவிட்டார்கள். சலூன்காரர் பத்து வயது இளையவர். கிழவர் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஆனால் சலூன்காரர் விசிலடித்துக்கொண்டே ஏறி வருவார். வாரத்தில் ஒரு நாள் கிழவருக்குச் சவரம் செய்துவிடுவார். கத்தி கழுத்தில் இருக்கும்போது மட்டும் கிழவர் எதிர்த்துப் பேசமாட்டார். அந்த நேரம் பார்த்துச் சலூன்காரர் தன் பக்க நியாயம் முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார்.

அவர்கள் பேசுவது சிசிலியன், நடுநடுவே அமெரிக்க ஆங்கிலம். என் காதுக்குள் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் கோபத்தையும் பகிடியையும் நான் தமிழில்தான் கேட்கிறேன். ஆகவே கேட்டபடியே எழுதுகிறேன்.

எனக்கு அந்த விளையாட்டு, பள்ளிக்கூடத்தில் நாங்கள் விளையாடிய எல்லே போலத்தான் தெரிந்தது. தடியால் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். ஒருமுறை அதைச் சொன்னபோது கிழவர் விளக்குமாற்றைக் கையில் தந்து, அடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். "உது பேஸ்போல் இல்லை, பாய் தட்டுறது" என்றார். என் விளையாட்டு அறிவு அதோடு முடிந்தது. மற்றதெல்லாம் சண்டையில் காதில் விழுந்தவை. ஓர் ஆட்டக்காரனுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவன் ஸ்வின்கொலாத்தோ, அதாவது கட்டவிழ்ந்தவன். எந்த அணியும் அவனைக் கூப்பிடலாம். அவன் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு, யார் கூடக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பான். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஒப்பந்தம் முடிந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன். கூப்பிட ஆள் இருக்காது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே ஒருவனைப் பற்றித்தான் பேச்சு. கிழவரின் அணியில் பந்து எறிந்தவன். வயது முப்பத்தாறு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி ஆறு வருடத்துக்கு எழுதித் தந்தால்தான் வருவேன் என்கிறான்.

"முழங்கையிலை வெட்டித் தைச்சிருக்கு. அவனுக்கு ஆறு வருசமோ?" என்பார் கிழவர். "ஒண்டு. ஒண்டுக்கு மேலை ஒரு நாளும் குடுக்கக்கூடாது."

"முதல் மூண்டு வருசமும் நல்லா எறிவான். கடைசி மூண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நீ எடுக்காட்டில் மற்றவன் எடுப்பான்" என்பார் சலூன்காரர்.

"எடுக்கட்டும். செய்து முடிச்சதுக்கு ஆராவது காசு குடுப்பினமோ? இனிச் செய்யப்போறதுக்குத்தான் குடுக்கிறது."

"செய்து காட்டினவன்தான் இனியும் செய்வான் எண்டு நம்பிக் குடுக்கிறது. வேறை என்னத்தைப் பாத்துக் குடுப்பாய், மூஞ்சையையோ?"

இப்படியே போகும். ஒரு நாள் நான் குறுக்கே விழுந்து, எங்கள் கோயில் மண்டபத்தில் திருவிழா அன்று மாம்பழம் ஏலம் விடுவதைச் சொன்னேன். கடையில் வாங்கினால் ஒரு கோப்பிக் காசு. அங்கே ஏலத்தில் ஒருவர் தன் கிழமைச் சம்பளத்தையே வைத்து அதை எடுத்தார். சலூன்காரர் தொடையில் தட்டினார். "கேட்டியோ? பழத்தின்ரை விலை வேறை, அதை எடுக்கிற ஆளுக்கு அதின்ரை பெறுமதி வேறை." கிழவர் என்னைப் பார்த்து, "அந்தப் பழத்தை ஆர் சாப்பிட்டது?" என்று கேட்டார். எடுத்தவர் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார் என்றேன். "அப்ப அது தருமம். ஒப்பந்தம் இல்லை" என்றார். நான் யாருக்கு உதவி செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் நான் சும்மா கேட்டுக்கொண்டு கோப்பி ஊற்றியிருக்கலாம். ஆனால் மார்ச் முடிவில் என் ஒப்பந்தமும் முடிய இருந்தது. கிழவர் என்னை முதலில் ஒரு வருடத்துக்கு எடுத்தார், பிறகு இன்னொரு வருடம் நீட்டினார். இனி அப்படி நீட்ட முடியாது, ஒன்றில் முடிவுத் திகதி இல்லாத நிரந்தர ஒப்பந்தம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அனுப்ப வேண்டும் என்று எங்கள் கடதாசி வேலைகளைப் பார்க்கும் அலுவலகத்துப் பெண் சொல்லியிருந்தாள். கோடையில் என் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் அதைத் தரும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குப் போவதும் ஒன்று, போகாமல் விடுவதும் ஒன்று. எனக்கு வயது ஐம்பத்தாறு. வந்த புதிதில் ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் ஏணியில் நின்று மண்டரின் பிடுங்கியதில் வலது முழங்கால் போய்விட்டது. படி ஏறும்போது சத்தம் போடும். என்னைப் புதிதாக எடுக்க இந்த ஊரில் ஆள் கிடைக்காது. கிழவர் நிரந்தரமாக எழுதித் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் மனைவிக்கு மொண்டெல்லோவில் கடற்கரை உணவகமொன்றின் குசினியில் வேலை. கோடையில் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. குளிர்காலத்தில் வேலையே இருக்காது. ஆகவே குளிர்காலத்தில் அவளுடைய முழுக் கவனமும் என்மேல் விழும்.

"இஞ்சாருங்கோ, கேட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"கேக்கத்தான் போனனான். அந்த நேரம் பாத்து அந்தாள், ஒரு வருசத்துக்கு மேலை ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது எண்டு கத்துது."

"ஆருக்கு?"

"ஒரு பந்து எறியிறவனுக்கு."

"அவனுக்கும் உங்களுக்கும் என்ன?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு அரிசி கழுவப் போனாள்.

எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கிழவர் அந்தப் பந்துக்காரனைப் பற்றித்தான் சொல்கிறாரா, அல்லது அவனைச் சாட்டி எனக்குச் சொல்கிறாரா? எங்கள் ஆட்கள் மனவருத்தம் தரும் விசயத்தை நேரே சொல்லமாட்டார்கள். வீட்டில் நிற்கும் பூனையைப் பார்த்துச் சொல்வார்கள். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் சாடை கேட்டுப் பழகிய காதுக்கு எதைக் கேட்டாலும் சாடையாகத்தான் இருக்கும். அவர் முழங்கை என்று சொன்னபோது என் முழங்காலைப் பார்த்தார் என்று ஒரு நாள் தோன்றியது. "கடைசி வருசங்களிலை சும்மா குந்திக்கொண்டிருப்பான்" என்றார் இன்னொரு நாள். அப்போது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு குந்தித்தான் இருந்தேன். உடனே எழுந்து நின்று உரித்தேன். "ஏன் நிக்கிறாய், இரு" என்றார். அதற்கு என்ன பொருள் என்று அன்று வீடு போகும் வழி முழுவதும் யோசித்தேன்.

வேறு வழி தெரியாமல் சலூன்காரரின் கட்சியில் சேர்ந்தேன். அவர்தான் நீண்ட ஒப்பந்தக்காரர். அவர் வாயைத் திறந்தால் நான் தலையாட்டுவேன். அவருடைய கோப்பியோடு இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்தேன். கிழவர் அதைக் கண்டுவிட்டார்.

"எனக்கு ஏன் இல்லை?"

"உங்களுக்குச் சீனி கூடாது, சிஞ்ஞோரே."

"அவனுக்கும்தான் கூடாது" என்றார். சலூன்காரர் அதற்குள் இரண்டையும் விழுங்கிவிட்டார்.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம். சியாகுல்லியின் பிந்திய மண்டரின் சந்தைக்கு வந்திருந்தது. நான் உரித்து உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். சண்டை வழமைபோல் ஆறிலும் ஒன்றிலும் போய் நின்றது. சலூன்காரர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உன்ரை அணியா இருந்தால் எத்தினை வருசம் குடுப்பாய்?"

இரண்டு குளிர்காலங்களில் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல்முறை.

"ஆறு" என்றேன்.

"ஏன் ஆறு?" என்று கிழவர் கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை. "வயசு போனவனுக்கு வேலை தெரியும், சிஞ்ஞோரே. எந்த நேரம் எந்த மருந்து, எந்தப் பக்கம் படுத்தால் இருமல் வரும், எந்தப் படியிலை கால் வழுக்கும், எல்லாம் தெரியும். புதுசா வாறவனுக்கு அதைப் பழக்கவே ரண்டு வருசம் வேணும். முழங்கால் சத்தம் போட்டால் என்ன? சத்தம் போட்டுக்கொண்டும் ஏறுறான்தானே." கையிலிருந்த பழத்தை நீட்டினேன். "இதைப் பாருங்கோ. மற்றதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் வருது. இதுதான் இனிப்பு."

கிழவர் அதை வாங்கினார். சலூன்காரர் என் முழங்காலைப் பார்த்தார்.

"அவனுக்கு முழங்கையெல்லோ?" என்றார் சலூன்காரர்.

"முழங்கைதான்" என்றேன். காது மடல் சுட்டது.

கிழவர் ஒரு சுளையை வாயில் போட்டு மென்றார். "பழம் வேறை, அணி வேறை" என்றார். "ஆறு வருசம் எண்டு எழுதிறது லேசு. ஆர் எழுதிறது எண்டதையும் பாக்க வேணும்." அந்தக் கடைசி வசனம் எனக்கு விளங்கவில்லை. அணியிடம் காசில்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்தாலும் அது எனக்கு நல்ல சேதியாக இருக்கவில்லை.

சில நாட்கள் கழித்துக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் சலூன்காரர் நின்றார். வழக்கமாக அவர் படியில் நிற்கிறவர் இல்லை.

"என்ரை வீட்டுக்கு வேலைக்கு வாறியோ?" என்று கேட்டார். "மனுசிக்கும் இப்ப ஏலாது. நிரந்தரமா எழுதித் தாறன்."

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு விசயத்தை முதல் தரம் கேட்டால் பதில் சொல்வதில்லை. சாப்பிடச் சொன்னால் முதல் தரம் வேண்டாம் என்போம், பசி வயிற்றைப் பிடுங்கினாலும். கலியாணம் பேசி வந்தால் "பாத்துச் செய்யுங்கோ" என்போம். அதற்கு ஓம் என்றும் பொருளில்லை, இல்லை என்றும் பொருளில்லை. கேட்டவரின் முகத்தை முறிக்காமல் அனுப்பி வைப்பது, அவ்வளவுதான். அவர் இரண்டாம் தரம் வருவார், மூன்றாம் தரமும் வருவார். அப்போது மனதில் உள்ளதைச் சொல்லலாம்.

எனக்குப் போக விருப்பமில்லை. கிழவரை விட்டுவிட்டு அவருடைய ஒரே சிநேகிதரின் வீட்டில் போய் நிற்பதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம் மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. அதோடு, வயதில் மூத்த மனிதர் ஒருவர் படியில் காத்து நின்று கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"நீங்கள் பெரியாள். உங்களுக்குத் தெரியாததோ? பாத்துச் செய்யுங்கோ" என்றேன், குப்பைப் பையோடு.

அவர் என் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார். விசிலடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஓம் எண்டனீங்களோ, இல்லை எண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"பாத்துச் செய்யுங்கோ எண்டனான்."

"அது சரிதான்" என்றாள். அவளும் எங்கள் ஆள்தானே. "திருப்பிக் கேப்பார். அதுக்குள்ளை நீங்கள் கிழவரைக் கேட்டுப்போடுங்கோ."

சலூன்காரர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளே அந்தப் பக்கம் வரவில்லை. கிழவரும் டேப்லெட்டைத் திறக்கவில்லை. பந்துக்காரனை யாராவது எடுத்தார்களா என்று நானே கேட்டேன். "ஆருக்குத் தெரியும்" என்றார். காலுறையைத் தானே போடத் தொடங்கினார்; ஒரு காலுக்கு அரைக் காலைப்பொழுது போனது. உதவப் போனால் கையைத் தட்டிவிட்டார். கோப்பியைப் பேசாமல் குடித்தார்.

"கோப்பி எப்பிடி, சிஞ்ஞோரே?"

"நல்லா இருக்கு."

அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எனக்கு அதுதான் பயத்தைத் தந்தது.

"வேறை ஆளைப் பாத்திட்டார்" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதருடைய இருமலில் எது சளி, எது சும்மா கவனம் ஈர்க்கிறது என்று பிரித்துச் சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். பந்தே எறியத் தெரியாதவனைப் பந்துக்காரனோடு ஒப்பிட்டு வெளியே போடுவதென்றால் என்ன நியாயம் என்று பஸ்ஸில் எனக்குள்ளேயே சண்டை பிடித்தேன். கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. அதை மனைவியிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு நாள் சலூன்காரர் சவரப் பெட்டியோடு வந்தார். கிழவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் கழுத்தில் துவாயைக் கட்டினேன், சலூன்காரர் நுரை பூசினார். நான் வெந்நீர்ச் சட்டியைக் கொண்டுவந்தபோது கிழவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"வாற மாதம் தொடக்கம் நீ இவனோடை போறாய். கடதாசி அலுவலெல்லாம் இவன் பாப்பான்."

"நீங்களே என்னை அனுப்புறீங்களோ?"

"நீதானே ஓம் எண்டு சொன்னனீ."

"ஆரிட்டை?"

"என்னட்டைத்தான், படியிலை" என்றார் சலூன்காரர்.

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை. பாத்துச் செய்யுங்கோ எண்டுதான் சொன்னனான்."

"அது ஓம் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப மாட்டன் எண்டோ?"

"அப்பிடியும் இல்லை."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "பேந்து என்ன கோதாரி அது?"

எங்கள் வழக்கத்தை இத்தாலியனில் விளங்கப்படுத்துவது லேசான வேலை இல்லை. சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னேன். எங்கடை ஆக்கள் முதல் தரம் கேட்டால் பதில் சொல்லமாட்டினம், திருப்பிக் கேக்க வேணும்.

"எத்தினை தரம்?"

"மூண்டு தரம் கேட்டால் சரி."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் முழுக் கதிரையோடும் என் பக்கம் திரும்பினார். முகம் நிறைய நுரை.

"சரி, நான் கேக்கிறன். இவனிட்டைப் போறியோ?"

"உங்கடை விருப்பம்" என்றேன்.

"ஒண்டு" என்று சலூன்காரர் விரலை மடக்கினார்.

"இவனிட்டைப் போறியோ?"

"நீங்கள் என்ன நினைக்கிறீங்களோ, அப்பிடி."

"ரண்டு."

மூன்றாம் தரம் கிழவர் உடனே கேட்கவில்லை. காதோரத்து நுரை காயத் தொடங்கியிருந்தது. கேட்டபோது குரல் சின்னதாக வந்தது. "போறியோ?"

"இல்லை" என்றேன். "நான் ஒரு இடமும் போகேல்லை."

கிழவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். சலூன்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "'நீயே நேரை கேள்' எண்டு நான் அண்டைக்கே இவனிட்டைச் சொன்னனான். என்னைப் படியிலை காவல் நிக்க வைச்சது இவன்தான்."

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. என்னை வைத்திருக்க விருப்பமில்லாதவர் எனக்கு வேறு இடம் ஏன் பார்க்க வேண்டும்? விருப்பம் இருந்தால் ஏன் அனுப்ப வேண்டும்? இரண்டு வருடம் அடக்கி வைத்த கோபம் எல்லாம் ஒன்றாக வந்தது.

"ஒரு வருசத்துக்கு மேலை ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது எண்டு குளிர் முழுக்கக் கத்தினது ஆர்?"

"அது உன்னைச் சொன்னதெண்டு நினைச்சியோ?"

"வேறை ஆரை? வயசு போன, மூட்டுத் தேஞ்ச ஆள் இந்த வீட்டிலை வேறை ஆர் இருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. துவாய் கட்டிய கழுத்தோடு கிழவர் முன்னால் இருந்தார். ஒரு காலுறை சரியாக ஏறாமல் குதிக்காலில் சுருண்டு கிடந்தது.

"ஆறு வருசத்துக்கு ஆளை எடுக்கிறதெண்டால் அந்த அணி ஆறு வருசம் இருக்க வேணும்" என்றார் கிழவர். "எனக்கு எண்பத்தாறு. நிரந்தரம் எண்டு எழுதிப்போட்டு வாற குளிருக்குள்ளை நான் போனால், நீ திரும்பவும் தெருவிலை. இவன் கல்லு மாதிரி இருக்கிறான். அதுதான் இவனைக் கேக்கச் சொன்னனான்." நிறுத்திவிட்டு, மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ மாட்டன் எண்டு சொல்லுவாய் எண்டுதான் நினைச்சனான்."

அதன் பிறகு அந்த வெந்நீர்ச் சட்டியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சலூன்காரர்தான் அதை என் கையிலிருந்து வாங்கினார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. வேறு தண்ணீர் சுடவைத்துச் சவரத்தை முடித்தோம். ஒருவரும் பேஸ்போல் பேசவில்லை.

மார்ச் முடிவதற்குள் மூவரும் சலூன்காரரின் காரில் கடதாசி அலுவலகத்துக்குப் போனோம். முடிவுத் திகதி எழுதும் இடத்தில் அந்தப் பெண் ஒன்றும் எழுதவில்லை. "திகதியே இல்லையோ?" என்று கிழவர் இரண்டு தரம் கேட்டார். இல்லை என்றாள். தனக்குப் பிறகு இவனைச் சலூன்காரர் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்றார். அதற்கெல்லாம் இதில் இடமில்லை என்றாள். "இடம் இல்லாட்டிலும் நான் எடுப்பன்" என்றார் சலூன்காரர். கிழவர் மெல்ல மெல்லக் கையெழுத்து வைத்தார்.

என் வாழ்க்கையில் முதல் நிரந்தர வேலை அது. திகதி போடாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எங்கே முடியும் என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்திலா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அன்று பின்னேரமே டேப்லெட் திறந்தது. அங்கே ஆட்டங்கள் தொடங்க இருந்த நேரம். அந்தப் பந்துக்காரனை அதுவரை ஒருவரும் எடுக்கவில்லை. ஆறு குடுத்திருக்க வேணும் என்றார் சலூன்காரர். கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்டு. ஒண்டுக்கு மேலை ஒரு நாளும் குடுக்கக்கூடாது."

இந்தமுறை அவர் சொல்வது பந்துக்காரனையும் இல்லை, என்னையும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆறு குடுக்கலாம், சிஞ்ஞோரே" என்றேன்.

"ஆறு கூடிப்போச்சு."

"அப்ப அஞ்சு."

"ரண்டு" என்றார் கிழவர்.

"நாலெண்டாலும் குடுக்க வேணும்."

சலூன்காரர் எழுந்துபோய் யன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினார். கிழவர் கோப்பைக்குள் பார்த்தபடி நெடுநேரம் யோசித்தார்.

"மூண்டு" என்றார். "அதுக்கு மேலை கேளாதை. உனக்கு பேஸ்போல் ஒண்டும் விளங்காது."

பிறகு ஒரு மிடறு குடித்துவிட்டு, கோப்பி கசக்கிறது என்றார்.